மார்கழி வெயில் வரும் வழி

கொடைக்கானலிலிருந்து மேற்கே செல்லும் மலைப்பாதையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்ப்பக்கங்களைக் கடந்து சென்றால் பூண்டி வரும். கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரம். படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு என ஏதேனும் ஒரு பயிர் பச்சை காட்டிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலுக்குத் தப்பி மேலே வருகிறவர்கள், இப்படி ஓர் ஊரில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். மார்கழியில் வந்து ஓர் இரவு தங்கியவர்கள் அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்வதில்லை.

மார்கழியிலும் தையிலும் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களை நோக்கி வழியும். விடியற்காலையில் தாழ்ந்த நிலங்களில் புல்நுனி தோறும் உப்புத் தூவியது போல உறைபனி படிந்திருக்கும். உருளைக்கிழங்குச் செடி கருகிப் போகும். துளசியும் அப்படித்தான். சமவெளியின் செடி அது, உறைபனியைத் தாங்காது. மலையூர்களில் துளசி மாடம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வருத்தம் புதிதன்று. கார்த்திகையில் தழைத்து நிற்கும் செடி தைப்பொங்கலுக்குள் வெறும் குச்சியாகிவிடும்.

பூண்டியில் மண்ணின் மைந்தராகப் பிறந்து, சமவெளிப் பள்ளிகளில் ஆசிரியப் பணி புரிந்து, ஓய்வுக்குப் பின் பூர்வீக வீட்டுக்கே திரும்பி வந்த ஒருவருக்கும் அவருடைய மனைவிக்கும் வந்த சங்கடம் இந்தத் துளசியிலிருந்துதான் தொடங்கிற்று. அம்மையாருக்கு வயது எழுபத்திரண்டு. மூச்சிரைப்பும் மூட்டுவலியும் உண்டு. குளிர்கால இரண்டு மாதங்களும் கீழே போய்விடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு ஆண்டுகள் மதுரையில் மகள் வீட்டில் அந்த மாதங்களைக் கழித்தார்கள். மூன்றாம் ஆண்டு அம்மையார் போக மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று சொல்லிவிட இயலாது. அவர் பிறந்த ஊர் பூம்பாறை. அவ்வூரின் குழந்தை வேலப்பர் திருமேனி போகர் தம் கையால் பாஷாணங்கள் கொண்டு சமைத்தது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அருணகிரிநாதரைக் காக்க முருகன் குழந்தை வடிவில் வந்ததால் இப்பெயர் வந்ததென்று தலவரலாறு கூறும். அக்கோவிலின் தேரோட்டம் தைப்பூசக் காலத்தை ஒட்டி நடைபெறுவது. கீழே போ என்று மருத்துவர் சொன்ன மாதங்களும் கோவிலுக்கு வா என்று வேலப்பர் அழைக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இரண்டு தேர்களைத் தவறவிட்டவர் மூன்றாவதையும் தவறவிட விரும்பவில்லை. எழுபதைக் கடந்தவர்கள் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளி வைப்பதில்லை. இதைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

இலண்டனில் இருக்கும் மகன் இதைக் கேட்டு ஒரு யோசனை சொன்னான். அங்கே வீடுகளின் பின்புறத்தில் தோட்டத்தை நோக்கிக் கண்ணாடியால் ஓர் அறை கட்டிக்கொள்வார்கள். சுவர் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. வெளியே குளிரும் மழையும் இருந்தாலும் உள்ளே வெளிச்சத்தில் அமர்ந்து செடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். "அம்மாவுக்கு அப்படி ஒன்று கட்டிக் கொடுத்துவிடுவோம், செலவு என்னுடையது" என்று சொல்லி, படங்கள் நிறைந்த விளம்பரப் புத்தகம் ஒன்றையும் அனுப்பி வைத்தான். அம்மையார் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "துளசி வைக்க இடம் இருக்குமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கண்ணாடி அறை என்பது மனிதர்களுக்காகப் பிறந்ததே அன்று, செடிகளுக்காகப் பிறந்தது. ஐரோப்பாவில் அரசர்களும் பிரபுக்களும் தென்னாட்டு ஆரஞ்சு மரங்களைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். பனிக்காலத்தில் அவற்றை உயிரோடு வைத்திருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. பிரான்சு நாட்டின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை அதற்கென ஒரு பெருமாளிகையே எழுப்பப்பட்டது. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கூரை கல்லால் ஆன வளைவு. பின்சுவர் மிகத் தடித்தது. அதற்குப் பின்னே மண்மேடு. கண்ணாடி இருப்பது தெற்கு முகத்தில் உள்ள உயர்ந்த சாளரங்களில்தான். பகலில் வெயிலை உள்ளே விட்டு, இரவில் கல்லே அந்தச் சூட்டைக் காத்துத் தந்தது. நெருப்பு மூட்டாமலேயே மரங்கள் பிழைத்தன.

எல்லாப் பக்கமும் கண்ணாடி என்ற மோகம் பின்னால் வந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு விதித்திருந்த வரி 1845இல் நீக்கப்பட்டதும் விலை இறங்கிற்று. 1851இல் இலண்டனில் படிக மாளிகை எழுந்தது. அதைப் பார்த்துப் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் 1889இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கொடைக்கானலிலும் 1908இல் உருவான பிரையன்ட் பூங்காவில் ஒரு கண்ணாடி வீடு உண்டு. மே மாத மலர்க் காட்சிக்குப் போகிறவர்கள் அதற்குள் நுழைந்து பார்த்திருப்பார்கள். ஈரமும் வெதுவெதுப்பும் கலந்த அந்தக் காற்று பெரணிச் செடிகளுக்கு உகந்தது. மூச்சிரைப்பு உள்ள ஒருவர் நாள் முழுவதும் அமர்ந்திருக்க உகந்ததா என்பது வேறு கேள்வி.

மனிதர்களுக்கான முன்மாதிரி கொடைக்கானலிலேயே வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1845இல் அங்கே முதன்முதல் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றின் பெயர் ‘சன்னி சைடு’. வெயிற்பக்கம் என்று பொருள். மலையில் வீடு கட்ட வந்தவர்கள் முதலில் எதைத் தேடினார்கள் என்பதை அந்தப் பெயர் ஒன்றே சொல்லிவிடுகிறது. பழைய பங்களாக்கள் பலவற்றில் கல்சுவர் வீட்டின் முன்தாழ்வாரத்தை மட்டும் கண்ணாடிச் சன்னல்களால் அடைத்திருப்பதைக் காணலாம். மேலே ஓட்டுக்கூரை, பின்னே தடித்த சுவர், முன்னே கண்ணாடி. நம்முடைய திண்ணைக்கு மலைநாட்டில் ஒரு போர்வை போர்த்தியது போல.

ஆசிரியர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விளம்பரப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சூரியனைக் கணக்கிட உட்கார்ந்தார். இலண்டன் வடக்கே 51 பாகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரமே எழும். அந்தச் சாய்ந்த வெயில் ஏழடி உயரக் கண்ணாடி வழியே இருபத்தாறு அடி தூரம் உள்ளே ஓடும். பூண்டி இருப்பதோ 10 பாகையில். இங்கே மார்கழி நண்பகலில் சூரியன் தெற்குப் பக்கமாக 56 பாகை உயரத்தில் நிற்கும். அதே ஏழடிக் கண்ணாடி வழியே வெயில் ஏறத்தாழ நாலே முக்கால் அடிதான் உள்ளே வரும். சித்திரை தொடக்கத்தில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். பிறகு வடபுறம் சென்று, ஆவணி நடுவை நெருங்கும்போதுதான் மீண்டும் தலைக்கு மேல் திரும்பும். அந்த நான்கு மாதங்களிலும் தெற்குக் கண்ணாடியில் நண்பகல் வெயில் படவே படாது; கூரையின் மேல்தான் முழுவதும் விழும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாயின. இலண்டனில் கண்ணாடிக் கூரை வெயிலைப் பிச்சை கேட்டு ஏந்திய கை. பூண்டியில் அதே கூரை, சித்திரையில் அறையை அடுப்பாக்கிவிடும். மார்கழி இரவில் சேர்ந்த சூட்டையெல்லாம் வானத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கண்ணாடிக் கூரையின் இணைப்புகள் ஒழுகுவதும், கல்மழை பெய்தால் என்ன ஆகும் என்பதும் அதற்கு மேல். ஆகவே கூரை ஓடாகவோ தகரமாகவோ இருக்க வேண்டும். உள்ளே பலகை அடிக்க வேண்டும். கண்ணாடி சுவரில் மட்டும் போதும்.

இரண்டாவது, திசை. ஆங்கிலப் புத்தகங்கள் தெற்கு என்று எழுதுகின்றன. நம் வாஸ்து நூல் பார்ப்பவர்கள் கிழக்கையும் ஈசானியத்தையும் சொல்வார்கள். இதில் யார் சொல்வது சரி என்று வாதிடுவதைவிட, ஆசிரியர் செய்தது போல நேரில் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாம் ஆண்டு மார்கழி தொடக்கத்தில் மனைவியைச் சமாதானப்படுத்திப் பத்தே நாட்களுக்கு மகள் வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் பூண்டியில் தங்கினார். வீட்டைச் சுற்றி ஒவ்வொரு சுவரிலும் காலை எட்டு மணி, பத்து மணி, நண்பகல், இரண்டு மணி என வெயில் விழும் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டார். அறுபது ஆண்டுகள் சூரிய நமஸ்காரம் செய்தவர் அவர். மார்கழிச் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கு நோக்கி நன்றாக ஒதுங்கியே உதிக்கிறான் என்பது தெரியும். ஆனால் எதிர்மலை மறைப்பதால் முதல் கதிர் வீட்டைத் தொட அத்தனை தாமதமாகிறது என்பதை அப்போதுதான் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொண்டார்.

இன்னொன்றும் புலப்பட்டது. அந்த மலைகளில் காலை தெளிந்திருக்கும். பிற்பகலில் மஞ்சு ஏறி மூடிக்கொள்ளும் நாட்கள் பல. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1901 முதல் அம்மலையிலிருந்து சூரியனை நோக்கி வருகிறது என்றால் புழுதியற்ற அந்த வானமே காரணம்; அங்கும் காலை வேளையே உகந்தது. எனவே மேற்கு வெயிலை நம்பி அறை கட்டினால் பாதி நாள் மஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனி ஆடிக் காற்றும் மேற்கிலிருந்தே வீசும். தென்கிழக்கு மூலையில் கிழக்கும் தெற்கும் கண்ணாடி, மேற்கே தடித்த கல்சுவர், வடக்கே வீடு என்று முடிவாயிற்று. சுண்ணாம்புக் கோடுகளுக்கும் வாஸ்து சொல்லும் கிழக்கு வெளிச்சத்துக்கும் பெரிய சண்டை இல்லாமல் போனது அம்மையாருக்குத் திருப்தி.

சூரியன் வரும் வழியறிந்து திறப்பு வைப்பது நம்மவர்க்குப் புதிய வித்தை அன்று. பெங்களூர் கவி கங்காதரேசுவரர் குகைக்கோவிலில் மகர சங்கராந்தி மாலையில் வெயில் நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து லிங்கத்தைத் தொடுவதைக் காண ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது. ஒரு சாளரத்துக்காக ஆண்டின் ஒரு மாலைப்பொழுதைக் கணக்கிட்டு வைத்த சிற்பிகளின் பரம்பரையில் வந்தவர்கள், படம் போட்ட புத்தகத்தைப் பார்த்துக் கண்ணாடி அறைக்குத் திசை தேர்ந்தெடுத்தால் நன்றாகவா இருக்கும்?

தளம் குறித்தும் கோவிலே பாடம் சொல்கிறது. பெரிய கோவிலின் பிராகாரத்தில் நண்பகலில் கால் வைக்க முடியாது. இரவு அர்த்தசாமப் பூசைக்குப் போகும்போதோ அதே கல் பாதத்துக்கு இதமாக இருக்கும். கல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகத் தருகிறது. கண்ணாடி அறையில் மரப்பலகைத் தளமோ கம்பளமோ போட்டால் வெயில் இருக்கும்போது சூடு, போனதும் குளிர். கருங்கல்லோ கடப்பைக்கல்லோ பாவி, மேற்குச் சுவரையும் ஒன்றரை அடிக் கல்லாக எழுப்பினால், காலை வெயிலைக் குடித்த கல் மாலை ஏழெட்டு மணி வரை அதைத் திருப்பிக் கொடுக்கும். தெளிந்த மார்கழிக் காலையில் தென்கிழக்குக் கண்ணாடி ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ அரை கிலோவாட் வெப்பம் உள்ளே வரும். பத்துச் சதுர மீட்டர் இருந்தால் இரண்டரை ஹீட்டர்களுக்கு ஈடு, மின்கட்டணம் இல்லாதவை.

மின்கட்டணக் கணக்கையும் சொல்லிவிடுவது நல்லது. இரண்டு கிலோவாட் ஹீட்டரை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், மார்கழி தை இரண்டுக்கும் சேர்த்து 720 யூனிட் வழக்கமான செலவின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, முழுக் கட்டணத்தையும் மேல்படிக்கு இழுத்துவிடும். ஓய்வூதியக் குடும்பத்துக்கு அது ஒருமுறைச் செலவன்று. உயிருள்ளவரை வரும் செலவு. சரியான திசையில் வைத்த கண்ணாடிக்கு ஒருமுறைதான் பணம். அதேசமயம் இவ்வறையைக் கடன் வாங்கிக் கட்டுவது தகாது. கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப நீள அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; பன்னிரண்டடிக்கு ஒன்பதடி அறையில் இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், துளசித் தொட்டி எல்லாம் அடங்கிவிடும்.

அறை வெதுவெதுப்பாக வேண்டும் என்றதும் எல்லாச் சந்துகளையும் அடைத்துவிடத் தோன்றும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். குளிருக்காகக் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் மீண்டும் எழாமலே போன துயரங்கள் கொடைக்கானல் மலையில் நிகழ்ந்திருக்கின்றன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளியே காற்றுப் போகாத கண்ணாடி அறையில் சாம்பிராணி போடுகிற தூபக்கால் கரியும் கரிதான். பூசைக்குத் தூபம் காட்டுவதற்கு இரண்டு சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். தூபம் முடிந்ததும் தூபக்காலை வெளியே வைத்துவிட வேண்டும். அம்மையாருக்கு இதில் மனக்குறை இருந்தது. நெய்விளக்கு ஒன்று எரிவதில் தடையில்லை என்றதும் சமாதானமானார்.

காற்றோட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வயல்காரர். மலையில் பூச்செடி வளர்க்கும் பிளாஸ்டிக் உறைக் குடில்களில் அவர் வேலை பார்த்தவர். வெயில் ஏறியதும் பக்கத் திரையைச் சுருட்டிக் கீழே காற்று நுழையவும், உச்சித் திறப்பு வழியே சூடு வெளியேறவும் விடாவிட்டால் செடி வெந்துபோகும் என்றார். அதே முறையில் கிழக்குச் சன்னல்களின் அடியில் இரண்டு சிறு திறப்புகளும், மேற்குச் சுவரில் கூரையை ஒட்டி ஒரு நீண்ட திறப்பும் வைக்கப்பட்டன. சூடான காற்று மேலே போகும். கீழே புதுக்காற்று வரும். தெற்கே கூரையை இரண்டடி நீட்டிவிட்டதால் பங்குனி கடந்ததும் அப்பக்கத்து வெயில் தானே நின்றுவிடுகிறது. கிழக்குக்கு மட்டும் ஒரு மூங்கில் தட்டி. இரவில் கனத்த திரைச்சீலை தொங்கவிட வேண்டும். கண்ணாடியின் குளிர் நேராக உடம்பில் அடிக்காது.

கண்ணாடியிலும் சட்டத்திலும் செலவைச் சுருக்கக் கூடாத இடங்கள் உண்டு. முதியவர் நடமாடும் அறையில் உடைந்தால் கத்தியாகும் சாதாரணக் கண்ணாடி ஆகாது; பதப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியே வேண்டும். இடையில் காற்றுடன் இரண்டு பலகமாக வரும் கண்ணாடி, ஒற்றைக் கண்ணாடி விடும் சூட்டில் பாதியைத்தான் விடும். விலை கூடுதல்தான். கூரையில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்கலாம். வெறும் அலுமினியச் சட்டம் குளிரை உள்ளே கடத்தும். விடியலில் அதில் நீர் கோத்துச் சொட்டும். சுவரில் பூஞ்சணம் ஏறும். அது மூச்சிரைப்புக்கு ஆகாத பொருள். நல்ல மரமோ யுபிவிசி சட்டமோ மேல். கண்ணாடி தரையிலிருந்தே தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டரை அடிக் கல்சுவர் எழுப்பி அதன்மேல் வைத்தால் காட்டுமாடு முற்றத்துக்கு வந்துவிடும் இரவுகளிலும் நிம்மதியாக இருக்கலாம். குரங்குகளுக்கு மட்டும் எந்தக் கட்டடக் கலையிலும் விடை இல்லை.

வாசற்படி வைக்கவில்லை. வீட்டிலிருந்து அறைக்குத் தளம் ஒரே மட்டம். சுவரோரம் கைப்பிடிக் கம்பி. தேய்த்து மினுக்காத கல், ஈரப்பாதம் வழுக்காது.

மருத்துவர் அறையின் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு செய்திகளைச் சொன்னார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே ஒரு வெப்பமானியை மாட்டி, அதற்குக் கீழே போகும் அதிகாலைகளில் மட்டும் ஹீட்டரைச் சிறிது நேரம் போடலாம். மற்றொன்று, கண்ணாடிக்குப் பின்னே உட்கார்ந்தால் இதமாக இருக்கும். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி மட்டும் கிடைக்காது. அதை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. வெயில் ஏறிய பின் சன்னலைத் திறந்து, கையும் காலும் நேர்வெயில் படும்படி கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். கீழே போகத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. இந்த ஆண்டு பார்ப்போம் என்றார். அம்மையாருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அனுமதி பெறுவதைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். முதலில் நினைக்க வேண்டும். மலைப்பகுதியில் கட்டட விதிகள் கடுமையானவை. சரிவும் பாறையும் ஓடையும் அதற்குக் காரணம். 2019இல் கொடைக்கானலில் அனுமதியின்றிக் கட்டிய பல கட்டடங்கள் உயர்நீதிமன்ற உத்தரவின்படி பூட்டப்பட்டதைப் பலரும் அறிவர். சிறு அறைதானே என்று எண்ணாமல், வரைபடத்தோடு முறையாக விண்ணப்பித்த பிறகே கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பது நன்று. ஆசிரியர் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அதில் நான்கு மாதங்கள் கழிந்தன. மகன் தொலைபேசியில் பொறுமையிழந்தான். "உன் பணம் பத்திரமாக இருக்கிறது, தம்பி, உன் அம்மாவும் பத்திரமாக இருக்கிறாள்" என்று பதில் சொன்னார்.

கண்ணாடிக் கூரை வேண்டாம் என்று சொன்னதில் மகனுக்குச் சிறிது வருத்தம். படத்தில் பார்த்த பளபளப்பு இதில் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீட்டோடு ஒட்டிய ஓட்டுத் தாழ்வாரம் போலத்தான் தோன்றியது.

துளசி விஷயத்தில் ஒரு தயக்கம் எஞ்சியிருந்தது. துளசி மாடம் வானம் பார்த்த முற்றத்தில் இருப்பதே வழக்கம். கூரைக்குக் கீழே கொண்டுவரலாமா? குடும்பத்துக்கு வேண்டிய குருக்கள் ஒருவரிடம் கேட்டார்கள். "பனி பெய்தால் கன்றுக்குட்டியை உள்ளே கொண்டுவந்து கட்டுவதில்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மாடம் முற்றத்திலேயே இருக்கட்டும், செடியை மட்டும் தொட்டியோடு கார்த்திகைக்குப் பின் உள்ளே வைத்து, பனி நின்றதும் வெளியே எடுத்துவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. சுற்றி வர இடம் வேண்டுமே என்று அம்மையார் சொன்னதால் தொட்டி சுவரோரம் போகாமல் தென்கிழக்கு மூலையிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி நின்றது. மார்கழி நண்பகல் வெயில் நாலே முக்கால் அடி உள்ளே வரும் என்ற கணக்கு அங்கே கைகொடுத்தது. தொட்டி நிற்கும் இடம் முழுவதும் வெயில்தான்.

தச்சர் கதவுக்கு அளவெடுக்க வந்தபோது மூன்றடி அகலம் போதும் என்றார். அம்மையார் தொட்டியை அளந்து பார்க்கச் சொன்னார். பித்தளைப் பூண் போட்ட பழைய மண்தொட்டி, இருவர் தூக்கினால்தான் நகரும். இருபுறமும் ஆள் நின்று தூக்கிச் செல்ல மூன்றடி போதவில்லை. கதவை நாலடியாக மாற்றி எழுதிக்கொண்டு தச்சர் இறங்கிப் போனார்.